சீட்டு பிடிக்கிற அக்காவின் கேள்வி: கிரிப்டோ வந்தால் பேராசை போய்விடுமா?

கேள்வி: ஆடிட்டர் சாருக்கு வணக்கம். காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறேன். கூடவே 18 வருஷமாகச் சீட்டும் பிடிக்கிறேன். 20 பேர், மாசம் 5,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் மூணாவது மாசமே சீட்டைத் தள்ளி எடுத்துக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். என் நகையை அடகு வைத்துத்தான் மற்றவர்களுக்குக் கொடுத்தேன். என் சின்னப் பையன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். "மனுஷனை நம்பினா இப்படித்தாம்மா ஆகும். கிரிப்டோல யாரையும் நம்பவே வேணாம், யாரும் ஏமாத்த முடியாது. அது வந்துட்டா பேராசைக்கே வேலை இல்ல, ஜனங்களே மாறிடுவாங்க" என்கிறான். வீட்டு ரிப்பேருக்குச் சேர்த்து வைத்திருக்கும் 3 லட்சத்தை அதில் போடச் சொல்கிறான். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பேராசை போய்விடும் என்கிறானே, அது நிஜமா? அப்படிச் சொல்கிறவன் ஏன் ராத்திரி 2 மணிக்கும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான்?

வாசகி, காசிமேடு

பதில்:

அக்கா, கிரிப்டோவில் பணம் போடலாமா என்று கேட்டு எனக்கு வாராவாரம் கடிதம் வருகிறது. பேராசை போகுமா என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். அதிலும் கடைசி வரியில், ராத்திரி 2 மணிக்கு ஏன் போனைப் பார்க்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி பதில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

போகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் பையன் உளறவில்லை. அவன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்தப் பதிலை நீங்கள் படித்துக் காட்டும்போது "பழைய ஆளு, ஒண்ணும் தெரியாது" என்று எழுந்து போய்விடுவான்.

கிரிப்டோவில் முதலில் வந்தது பிட்காயின். அது பிறந்ததே கோபத்தில்தான். 2008-ல் அமெரிக்காவில் பெரிய பெரிய பேங்க்குகள், வீட்டுக் கடனை வைத்துச் சூதாடித் தாங்களும் கவிழ்ந்து உலகத்தையும் கவிழ்த்தன. அந்த வருஷம் அக்டோபர் 31-ம் தேதி சதோஷி நகமோட்டோ என்ற பேரில் யாரோ ஒருவர், நடுவில் பேங்க் இல்லாமலே பணம் அனுப்பலாம் என்று ஒன்பது பக்கத்தில் எழுதி வெளியிட்டார். ஆள் யார் என்று இன்று வரை தெரியாது. 2009 ஜனவரி 3-ல் ஓட ஆரம்பித்த கணக்கின் முதல் பக்கத்திலேயே, பேங்க்குகளை இரண்டாவது தடவை காப்பாற்ற இங்கிலாந்து அரசாங்கம் தயாராகிறது என்கிற அன்றைய பேப்பர் தலைப்பைப் பதித்து வைத்திருக்கிறார்கள். யார் மேல் கோபம் என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இந்த மாதிரிக் கோபம் நமக்குப் புதுசும் இல்லை. ராஜாஜி சாலை, அந்தக் காலத்து முதல் கடற்கரைச் சாலை, அங்கே ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒரு வெள்ளைக்காரன் பேங்க் இருந்தது. ஊர் ஜனங்கள் நம்பிக் காசு போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் அதை எடுத்து எங்கெங்கோ ஆடினார்கள். 1906 அக்டோபர் 22-ம் தேதி கதவைச் சாத்திவிட்டார்கள். நடத்திய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். அந்த வயிற்றெரிச்சலில்தான் நம் ஆட்கள் கூடி 1907-ல் இந்தியன் பேங்க்கை ஆரம்பித்தார்கள். ஏமாந்தவன் புதுசாக ஒன்றைக் கட்டுவான், அது நல்ல காரியம்தான். அதற்காக அதற்கப்புறம் சென்னையில் யாரும் காசைச் சுருட்டவில்லை என்று சொல்ல முடியுமா என்ன?

சரி, அந்தப் பணம் எப்படி ஓடுகிறது என்று உங்கள் சீட்டு நோட்டை வைத்தே சொல்கிறேன். இப்போது நோட்டு ஒன்றுதான், அது உங்கள் கையில். அதற்குப் பதிலாக 20 பேரும் ஆளுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள், யார் எவ்வளவு கொடுத்தாலும் எடுத்தாலும் 20 நோட்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் தன் நோட்டில் ஒரு சைபர் கூடப் போட்டால் மீதி 19 நோட்டும் காட்டிக்கொடுத்துவிடும். இதுதான் பிளாக்செயின். பிட்காயினில் இந்த நோட்டுக்கு ஏறக்குறைய பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் சேருகிறது. பக்கத்தை எழுதுகிற உரிமைக்கு, ஏகப்பட்ட கம்ப்யூட்டரைக் கரண்ட் குடிக்கக் குடிக்க ஓட்டிப் போட்டி போடுகிறார்கள். மைனர் என்று பேர். ஜெயிக்கிறவருக்குப் புதுக் காசு கிடைக்கும். ஆரம்பத்தில் பக்கத்துக்கு 50 காயின், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகிப் பாதியாகி 2024 ஏப்ரலிலிருந்து 3.125. மொத்தமாக 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் என்றைக்கும் வராது. தங்கசாலையில் கம்பெனிக்காரன் நாணயம் அடித்த மாதிரி இஷ்டத்துக்கு அடித்துத் தள்ள முடியாது.

இப்போது பையனிடம் ஒரு விஷயம் கேளுங்கள். அந்த ஒன்பது பக்கத்தில் ஆறாவது பிரிவைப் படித்திருக்கிறானா? கூட்டத்தையே ஏமாற்றக்கூடிய அளவு கம்ப்யூட்டர் பலம் ஒரு பேராசைக்காரன் கைக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்று அங்கே எழுதியிருக்கிறது. அவன் திருந்திவிடுவான் என்று எழுதவில்லை. திருடுவதைவிட ஒழுங்காக மைனிங் செய்தால் அவனுக்கே அதிகமாகக் கிடைக்கும், அதனால் ஒழுங்காக இருப்பான் என்றுதான் எழுதியிருக்கிறது. அதாவது அக்கா, கண்டுபிடித்தவரே பேராசை போகும் என்று சொல்லவில்லை. பேராசை இருக்கும் என்று நம்பித்தான் வண்டியையே கட்டியிருக்கிறார், மாட்டுக்குப் பதில் அதைப் பூட்டி. எனக்கு இதில் அவர் மேல் மரியாதைதான் வந்தது. மனுஷனைப் பற்றிக் கனவு காணாமல் எழுதியிருக்கிறார். கனவெல்லாம் பின்னால் வந்து விற்றவர்கள் சேர்த்தது.

"அளவாத்தான் இருக்கு, அதனால ஆசை அடங்கிடும்" என்று பையன் சொல்லக்கூடும். அதற்குப் பதில் உங்களிடமே இருக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போது வஞ்சிரம் என்ன விலைக்குப் போகிறது? ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறவர் எப்போது வெளியே எடுக்கிறார்? வரத்து குறைந்தால் இருக்கிறவன் பதுக்குவான், இல்லாதவன் பறப்பான். 2010-ல் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கு அது செலவு செய்கிற காசாக இருந்தது. இன்றைக்கு யாராவது அதில் பீட்சா வாங்குவார்களா? ஏறும், ஏறும் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். செலவழிக்கத்தான் பணம் என்று ஆரம்பித்தது, பூட்டி வைக்கிற தங்கம் மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் இந்த நோட்டில் கை வைக்க முடியாது என்றதும் திருடுகிறவர்கள் சும்மா இருந்தார்களா? நோட்டுக்கு வெளியே கடை போட்டார்கள். சாதாரண ஜனத்துக்கு இதை வாங்க, விற்க, வைத்துக்கொள்ள ஒரு எக்ஸ்சேஞ்ச் வேண்டும். டோக்கியோவில் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014-ல் மூடியபோது சுமார் 8 லட்சத்து 50 ஆயிரம் பிட்காயினைக் காணோம் என்று கையை விரித்தது, அப்புறம் தேடியதில் ஒரு 2 லட்சம் கிடைத்தது. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற இன்னொரு எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்தது. ஜனங்கள் நம்பி வைத்த பணத்தை எடுத்து முதலாளி தன்னுடைய இன்னொரு கம்பெனியில் ஆட விட்டிருந்தார், 2024-ல் 25 வருஷம் ஜெயில் கிடைத்தது. ஆர்பத்நாட் கதையேதான், நூறு வருஷம் கழித்து டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு. பிட்கனெக்ட் என்று ஒன்று தினமும் ஒரு சதவீதம் வரை தருகிறேன் என்று ஆசை காட்டி 2018 ஜனவரியில் மூடியது. தமிழ்நாட்டில் மாசம் 25, 30 சதவீதம் வட்டி என்று நோட்டீஸ் அடித்து 2022-ல் மாட்டினார்களே, அந்தக் கூட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரு சொல்தான். அவர்கள் தங்கம் என்றார்கள், இவர்கள் காயின் என்றார்கள்.

நானும் யோக்கியன் இல்லை. 2017 டிசம்பரில் ஒரு பிட்காயின் 20,000 டாலரைத் தொடப்போகிறது என்று ஊரே பேசியபோது, எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கிளையன்ட் ஒருவர் போட்டார் என்று நானும் 25,000 ரூபாய் போட்டேன். அடுத்த இரண்டு மாசம் நான் எப்படி இருந்தேன் என்று என் மனைவியைக் கேட்க வேண்டும். மாமனாருக்குத் திதி, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் மடியில் போனை வைத்து ஓரக்கண்ணால் விலை பார்க்கிறேன். 2018 ஜூனில், கிரிப்டோ வியாபாரத்துக்கு பேங்க்குகள் சேவை தரக்கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் தடை அமலுக்கு வருவதற்குள் தப்பிக்கலாம் என்று கிட்டத்தட்ட ஒன்பதாயிரத்துக்கு விற்றேன். தடையை 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. 2024 டிசம்பரில் ஒரு காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதும் நான் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? கால்குலேட்டரை எடுத்து, விற்காமல் இருந்திருந்தால் என் 25,000 இன்றைக்கு எவ்வளவு என்று தட்டிப் பார்த்தேன். ஒரு லட்சத்து எழுபதாயிரம் வந்தது. அடுத்த வாரமும் தட்டிப் பார்த்தேன். ஆடிட்டர் வேலை, 50 வயசு, ஊருக்கு உபதேசம் எழுதுகிற ஆள்.

ஆகவே நடத்தை மாறுமா என்றால், மாறும் அக்கா, பையன் சொன்ன பக்கமாக இல்லை. உங்கள் ஏலம் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடுகிறது. ஷேர் மார்க்கெட் மூன்றரை மணிக்கு மூடிவிடும், சனி ஞாயிறு லீவு. நகைக்கடைக்கும் ராத்திரி ஷட்டர் இறங்கும். ஆசைப்படுகிறவன் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவான். கிரிப்டோவுக்கு ஷட்டரே கிடையாது. பொங்கலுக்கும் ஓடும், ராத்திரி 2 மணிக்கும் ஓடும். உங்கள் பையன் கெட்டுப்போய்விடவில்லை, மூடாத கடை வாசலில் நிற்கிறான், அவ்வளவுதான்.

"யாரையும் நம்ப வேண்டாம்" என்பது பற்றி ஒன்று. வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி போன வருஷம் வந்தார். பேங்க் பாஸ்புக்கையும் நாலைந்து ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட்டையும் பாலிதீன் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த யுஎஸ்டிடி என்கிற, டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கிற காயினை ஆப்பில் முகம் தெரியாத ஒருவருக்கு நாற்பதாயிரத்துக்கு விற்றிருக்கிறார். பணம் கணக்கில் ஏறியது. ஒன்பதாம் நாள் கணக்கை முடக்கிவிட்டார்கள், சம்பளமும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. விஷயம் என்னவென்றால், வாங்கினவன் அனுப்பியது வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிய பணம், அவர்கள் கொடுத்த புகார் பணம் போன வழியாகவே நடந்து இவர் கணக்குக்கு வந்து நின்றுவிட்டது. "சார், பிளாக்செயின்ல எல்லாம் கரெக்டா இருக்கு சார், பாருங்க" என்று அந்தப் பிரிண்ட்டைத் திரும்பத் திரும்பக் காட்டினார். கரெக்டாகத்தான் இருந்தது. அந்தக் காயின் எப்போது யாருக்குப் போனது என்று நொடி சுத்தமாக இருந்தது. வாங்கினவன் எப்படிப்பட்டவன் என்பதுதான் அதில் இல்லை. கணக்கைத் திறக்க மாசக்கணக்கில் அலைந்தார்.

இப்போது உங்கள் சீட்டுக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. அந்த ஆள் மூணாவது சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். பிளாக்செயின் சீட்டாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எடுத்தது பதிவாகியிருக்கும், நாலாவது மாசம் கட்டவில்லை என்பதும் பதிவாகியிருக்கும். அப்புறம்? மெஷின் அவர் வீட்டுக் கதவைத் தட்டுமா, அவர் மச்சானைப் பிடித்துக் கேட்குமா? அதனால்தான் கிரிப்டோவில் கடன் கொடுக்கிற இடங்களில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 100 ரூபாய் கடன் வேண்டுமென்றால் 150 ரூபாய் மதிப்புக்கு முதலில் ஈடு வை என்கிறார்கள். விலை இறங்கி ஈடு போதாமல் போனால், கேட்காமல் கொள்ளாமல் மெஷினே அதை விற்றுவிடும். மனுஷனை நம்பாமல் கடன் கொடுக்கிற இந்த அதிசயம் நம் தெருவில் எப்போதோ வந்துவிட்டது அக்கா, அதற்குப் பேர் அடகுக் கடை. சேட்டாவது நோட்டீஸ் அனுப்புவார், வட்டியைக் கட்டி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் சீட்டுக்கு வருகிறவர்கள் யார்? ஈடு வைக்க ஒன்றும் இல்லாதவர்கள். பள்ளிக்கூடம் திறக்கும்போது ஃபீஸ் கட்ட, வலை வாங்க, தண்டல்காரரிடம் பத்தாயிரத்துக்கு எட்டாயிரத்து ஐந்நூறு வாங்கித் தினம் நூறு ரூபாய் அழாமல் இருக்க. அவர்கள் கொடுக்கிற ஈடு, நாளைக்கும் அதே ஏலக்கூடத்தில் உங்கள் முகத்தில் முழிக்க வேண்டுமே என்கிற ஒன்றுதான். அது 18 வருஷம் தாங்கியிருக்கிறது, ஒரு தடவை அறுந்திருக்கிறது. அந்த ஒரு தடவைக்கு நகையைக் கொடுத்தது நீங்கள். பையன் அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பான். அவன் கிரிப்டோ கிரிப்டோ என்பதில் ஆசையைவிட அந்தக் கோபம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. திட்டாதீர்கள்.

ஆனாலும் சீட்டு விஷயத்தில் உங்களையும் கொஞ்சம் திட்ட வேண்டும். 1982-ம் வருஷச் சிட்பண்ட் சட்டப்படி அனுமதி வாங்கிப் பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது தப்பு, ஏமாந்தால் போலீஸிடம் போகக்கூட நமக்கு வாய் வராது. தனி ஆள் மொத்தம் 3 லட்சம் வரைக்கும் பதிவு செய்து நடத்தலாம், 2019-ல் அந்த வரம்பை ஏற்றினார்கள். சீட்டு எடுத்தவரிடம் ஜாமீன் வாங்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. ஓடுகிறவர்கள் எப்போதும் முதல் அஞ்சு மாசத்தில் எடுத்தவர்கள்தான், அவர்களிடம் புரோநோட்டும் இரண்டு ஆள் ஜாமீனும் வாங்காமல் இனிமேல் காசு கொடுக்காதீர்கள். 20 பேருக்கும் வாட்ஸ்அப்பில் மாசா மாசம் கணக்குப் போடும் வேலையைப் பையனிடம் கொடுங்கள். எல்லோரும் பார்க்கிற நோட்டு என்று அவன் சொல்வதில் நமக்கு ஆகிற பகுதி அது.

3 லட்சத்தைப் போடாதீர்கள். அவன் சம்பளத்திலிருந்து, போனாலும் தூக்கம் கெடாத ஒரு தொகையை அவன் போட்டுக்கொள்ளட்டும், அது அவன் இஷ்டம். போடுவதற்கு முன் வரிக் கணக்கைத் தெரிந்துகொள்ளட்டும். லாபத்தில் 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ், விற்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ். ஒரு காயினில் 50,000 லாபம், இன்னொன்றில் 50,000 நஷ்டம், கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றாலும் 15,600 ரூபாய் வரி கட்ட வேண்டும், நஷ்டத்தைக் கழிக்க விட மாட்டார்கள். பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு, இதற்குக் கிடையாது. கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் நம் ஹைகோர்ட் சொல்லியிருக்கிறது, வழக்குப் போட உதவும், விலை விழுந்தால் உதவாது. மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவில் பதிவான எக்ஸ்சேஞ்சா என்று பார்க்கட்டும். டெலிகிராம் குரூப்பில் யாராவது உறுதியான லாபம் என்று கூப்பிட்டால் வெளியே வந்துவிடட்டும், காசு போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடட்டும்.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை. அடகு வைத்த நகையை மீட்டாயிற்றா? 17 மாசத் தவணை என்றால் 85,000 பக்கம் வைத்திருப்பீர்கள். மாசம் இரண்டு வட்டி என்றால் மாசத்துக்கு 1,700, இந்த இரண்டு வருஷத்தில் வட்டி மட்டும் 40,800 ரூபாய். இன்னும் மீட்கவில்லை என்றால் அந்த 3 லட்சத்தில் முதல் வேலையாக அதை மீட்டுவிடுங்கள். வருஷத்துக்கு 24 சதவீதம் மிச்சம், எந்தக் காயினும் இதை எழுதிக் கொடுக்காது. மிச்சத்தில் ஐப்பசி மழைக்குள் தளத்தைப் பாருங்கள். கடைக்குப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், ரசீதை அவன் கையில் கொடுத்து, நகையை எடை போட்டுப் பார்த்து அவனையே வாங்கச் சொல்லுங்கள்.